வெளியில் வாங்கும் வண்டிப் பாகங்களில் தரப் பிரச்சினைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வண்டி கம்பெனியின் சப்ளையர் தரப் பிரிவில் இருப்பவர், பாகம் செய்து கொடுக்கும் சிறு பட்டறைக்காரர், ரீகால் (குறையுள்ள வண்டிகளைக் கம்பெனி திரும்ப அழைப்பது) செய்தியைப் பார்த்துக் கலங்கிப்போன வண்டிக்காரர் என யாரிடம் பேசினாலும் சுற்றிச் சுற்றி ஒரே மாதிரிக் கேள்விகள்தான் வருகின்றன. அவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். பல வருடம் ரிஜெக்‌ஷன் பெட்டிகளைத் திறந்து பார்த்தவன் என்பதால் பதில்களில் கொஞ்சம் சொந்த அபிப்பிராயமும் கலந்திருக்கும்.

எல்லாப் பாகத்தையும் கம்பெனியே செய்துகொண்டால் இந்தத் தலைவலி இருக்காதே?

ஒரு காரைத் திருகாணி வரை பிரித்துப் போட்டால் சுமார் 30,000 பாகம் தேறும். கண்ணாடி, டயர், சீட், பேரிங், வயரிங், சென்சார் ஒவ்வொன்றும் தனித்தனித் தொழில். அதனால் பெரும்பாலான கம்பெனிகள் பாடி, பெயின்ட், இன்ஜின், அசெம்பிளி ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு மற்றதை வாங்கிக்கொள்கின்றன.

உள்ளேயே செய்தால் குறை வராது என்றும் சொல்ல முடியாது. ஆனால் உள்ளே குறை வந்தால் பக்கத்து ஷெட்டுக்கு நடந்துபோய்க் கேட்டுவிடலாம். வெளியே வந்தால் நடுவில் ஒரு பர்ச்சேஸ் ஆர்டர், இரண்டு மேனேஜர், ஒரு லாரிப் பயணம். விஷயம் உரியவர் காதுக்குப் போவதற்குள் அடுத்த நான்கு லாட் (ஒரே தொகுப்பாக வரும் சரக்கு) வந்து இறங்கியிருக்கும்.

சப்ளையரிடம் தரச் சான்றிதழ் இருக்கிறது. பிறகும் ஏன் குறை வருகிறது?

வாகனத் துறையில் எல்லோரும் கேட்பது ஐஏடிஎஃப் 16949 என்ற சர்வதேசத் தரநிலைச் சான்றிதழ். இப்போதைய பதிப்பு 2016-இல் வந்தது. அந்த இடத்தில் ஒரு ஒழுங்குமுறை எழுதிவைக்கப்பட்டிருக்கிறது, தணிக்கைக்குப் போனவர்கள் அதைப் பார்த்தார்கள் என்பதற்கு அது அத்தாட்சி. நேற்று ராத்திரி ஷிப்டில் மூன்றாம் நம்பர் மெஷினில் என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது.

பாகத்துடன் வரும் டெஸ்ட் சர்டிபிகேட்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. ஜப்பானின் கோபே ஸ்டீல் நிறுவனம் 2017 அக்டோபரில் ஒரு உண்மையை ஒப்புக்கொண்டது. அலுமினியம், செம்பு போன்ற பொருட்களின் சோதனை எண்களை, வாடிக்கையாளர் கேட்ட அளவுக்கு எட்டியதுபோல மாற்றி எழுதி அனுப்பியிருக்கிறார்கள். பாதிக்கப்பட்ட வாடிக்கையாளர்கள் 500-க்கும் மேல். வண்டி கம்பெனிகளும் அதில் உண்டு. தாள் சுத்தமாகத்தான் இருந்தது.

சரி, பாகம் கேட்டுக்குள் நுழையும்போதே சோதித்துவிட்டால்?

இந்தக் கேள்விக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் நல்லது. ஒரு லாட்டில் பத்து லட்சத்துக்கு 500 பாகம் கெட்டது என்று வையுங்கள். தொழிலில் இதை 500 பிபிஎம் என்போம். பெட்டியிலிருந்து 50 பாகம் எடுத்துச் சோதிக்கிறீர்கள். அதில் ஒரு கெட்ட பாகமாவது கையில் சிக்க 2.5 சதவீத வாய்ப்புதான் இருக்கிறது. நாற்பது முறை சோதித்தால் ஒரு முறை பிடிபடும். மீதி முப்பத்தொன்பது முறை 'ஓகே' முத்திரையோடு அசெம்பிளி லைனுக்குப் போய்விடும்.

500 பிபிஎம் மோசமான சப்ளையர் என்று விட்டுவிடலாம். நல்ல சப்ளையர் என்று பெயரெடுத்த, 50 பிபிஎம் உள்ளவரை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டிக்கு 2,000 பாகம் வெளியிலிருந்து வருகிறது, எல்லோருமே 50 பிபிஎம் என்றால் சராசரியாகப் பத்து வண்டிக்கு ஒரு கெட்ட பாகம். ஒவ்வொரு சப்ளையரும் 'என் ரிஜெக்‌ஷன் கிட்டத்தட்டப் பூஜ்யம்' என்று சொல்லலாம். லைன் கடைசியில் நிற்பவர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஆகவே இன்கமிங் சோதனை பெரிய தவறுகளைப் பிடிக்கும்: பாகம் மாறி வந்தது, லேபிள் மாறியது, ஒரு ஓட்டையே இல்லை, இந்த ரகம். ஆயிரத்தில் ஒன்று, பத்தாயிரத்தில் ஒன்று வரும் குறையைப் பாகம் பிறக்கும் மெஷினில்தான் பிடிக்க வேண்டும்.

நூறு சதவீதம் சோதித்தால் தப்பாதல்லவா?

தப்பும். ஒரே மாதிரி பாகத்தை ஆயிரக்கணக்கில் பார்க்கும் கண் சீக்கிரம் பார்ப்பதை நிறுத்திவிடும். கோ கேஜ், நோ கோ கேஜ் (நுழைந்தால் சரி, நுழைந்தால் தப்பு என்று காட்டும் அளவுக் கட்டைகள்), கேமரா, தவறாக வைத்தால் உட்காராத ஃபிக்சர் (பாகத்தைப் பிடித்து நிறுத்தும் தாங்கி) இவற்றை நம்பலாம். வெறும் கண் சோதனை, குறையின் காரணம் தெரியும்வரை போடுகிற தற்காலிகக் கட்டு. அதையே இரண்டு வருடம் போட்டுக்கொண்டு ஓடுகிற இடங்களும் உண்டு.

சாம்பிள் அருமையாக இருந்தது. லாட் வந்தால் வேறு மாதிரி இருக்கிறதே, எப்படி?

பழைய காரணம், சாம்பிளைத் தனியாகச் செல்லம் கொடுத்துச் செய்வது. நல்ல ஆள், நல்ல மெஷின், ஒன்றுக்குப் பத்து செய்து நல்லதாக ஐந்து பொறுக்கி அனுப்புவார்கள். இதைத் தடுக்கத்தான் பிபிஏபி என்ற ஒப்புதல் முறை வந்தது. நிஜமான டை (அச்சு), நிஜமான மெஷின், நிஜமான ஆட்கள், ஒரு மணி முதல் எட்டு மணி நேர ஓட்டம், வேறு ஏற்பாடு இல்லையென்றால் குறைந்தது 300 பாகம் தொடர்ச்சியாக. அதில் முக்கிய அளவுகள் எவ்வளவு அலைகின்றன என்று பார்த்து, அந்த அலைச்சல் வரம்புக்குள் எவ்வளவு வசதியாக அடங்குகிறது என்று காட்டும் சிபிகே போன்ற குறியீட்டு எண் 1.67-க்கு மேல் இருந்தால் ஏற்பார்கள். 1.33-க்குக் கீழ் என்றால் திருத்தச் சொல்வார்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் உண்மையான பிரச்சினை ஆரம்பிக்கும். ஒப்புதல் ஒரு நாள் நடப்பது, உற்பத்தி வருடக்கணக்கில் நடப்பது. நடுவில் ஆள் மாறும், மெஷின் மாறும், மூலப்பொருள் மாறும், செய்முறை மாறும். நான் பார்த்த குறைகளில் பாதிக்கு மேல் இப்படிச் சொல்லாமல் செய்த மாற்றத்தில்தான் போய் முடிந்தன. அதில் கெட்ட எண்ணம் இருந்தது அபூர்வம். 'இதையெல்லாமா சொல்ல வேண்டும்' என்று நினைத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

அப்படிச் சொல்லாமல் விட்ட மாற்றத்துக்கு ஓர் உதாரணம்?

நைலான் கிளிப். கதவின் உள்பக்க டிரிம்மைப் பிடித்து நிறுத்தும் விரல்நுனி அளவு சமாச்சாரம். பல மாதம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் காலை ஷிப்டில் அசெம்பிளி ஆள் கட்டைவிரலால் அழுத்தினால் 'டிக்' என்று கால் உடைகிறது. பெட்டிக்கு முப்பது, நாற்பது. அளவு எடுத்தோம், சரி. மூலப்பொருள் சர்டிபிகேட் சரி. மோல்டு அதே மோல்டு, மெஷின் செட்டிங் அதே செட்டிங்.

நைலானுக்கு ஒரு குணம் உண்டு. அச்சிலிருந்து விழும்போது அது காய்ந்த சுள்ளி மாதிரி இருக்கும். காற்றிலிருந்தோ தண்ணீரிலிருந்தோ ஈரம் குடித்த பிறகுதான் வளையும். சப்ளையரிடம் இருந்த மூத்த ஆள் ஒருவர், கிளிப்புகளைப் பாலிதீன் பையில் போட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கட்டி, இரண்டு நாள் வைத்துத்தான் பெட்டி போடுவாராம். அது எந்தத் தாளிலும் இல்லை. அவர் வேலையை விட்டுப் போனார். புதிதாக வந்தவருக்குத் தண்ணீர் ஊற்றுவது அசிங்கமாகத் தெரிந்திருக்கிறது, நிறுத்திவிட்டார். நாங்களும் அவசரம் என்று அன்றே செய்து அன்றே அனுப்பச் சொல்லியிருந்தோம். ஒரு டம்ளர் தண்ணீரைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஆறு நாள் ஆனது.

அவர் அளந்தால் ஓகே, நாங்கள் அளந்தால் ரிஜெக்ட். யார் சொல்வது சரி?

பல சமயம் இரண்டு பேருமே சரி. ஒருவர் ஓட்டையின் தூரத்தை விளிம்பிலிருந்து அளப்பார், இன்னொருவர் பக்கத்து ஓட்டையிலிருந்து. மெல்லிய தகட்டை ஒருவர் கிளாம்ப் போட்டு அளப்பார், மற்றவர் சும்மா மேசையில் வைத்து. டிராயிங்கில் எங்கிருந்து, எப்படிப் பிடித்து அளக்க வேண்டும் என்று இல்லாவிட்டால் இந்தச் சண்டை தீராது.

வெப்பமும் ஏமாற்றும். அளவுகள் எல்லாம் 20 டிகிரி செல்சியசில் என்பது உலக வழக்கம். அரை மீட்டர் நீள அலுமினியப் பாகம் 15 டிகிரி கூடுதலாகச் சூடாக இருந்தால் சுமார் 0.17 மில்லிமீட்டர் நீண்டிருக்கும். மெஷினிலிருந்து எடுத்த சூட்டோடு அளந்து சரி என்று எழுதினால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அளக்கும் கருவியும் ஆளும் சேர்ந்து கொண்டுவரும் தடுமாற்றம். ஒரே பாகத்தை மூன்று பேர் பல முறை அளந்து இதைக் கணக்கிடுவார்கள். அது, அனுமதித்த அளவு வித்தியாசத்தில் 10 சதவீதத்துக்குள் என்றால் நிம்மதி. 30-ஐத் தாண்டினால் அந்தக் கேஜை வைத்துக்கொண்டு சப்ளையரைத் திட்டக்கூடாது.

எப்படி அளந்தாலும் தெரியாத குறை உண்டா?

உண்டு, பயமே அதில்தான். 10.9, 12.9 போன்ற உயர் கிரேடு போல்ட்டுகளுக்குத் துரு பிடிக்காமலிருக்க மின்முறையில் துத்தநாகம் பூசுவார்கள். அமிலத்தில் கழுவும்போதும் பூசும்போதும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துவிடும். பூசி முடிந்த சில மணி நேரத்துக்குள் சுமார் 200 டிகிரியில் பல மணி நேரம் சூட்டடுப்பில் வைத்தால் அது வெளியேறும். கரண்ட் போயிற்று, அடுப்பு நிரம்பியிருக்கிறது என்று அந்த வேலையை விட்டுவிட்டால் போல்ட்டைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. நிறம் சரி, மரை சரி, கடினம் சரி, டார்க் (திருப்புவிசை) வைத்தால் பிடிக்கும். மறுநாள் காலையில் யாரும் தொடாமலே தலை தெறித்துக் கீழே கிடக்கும்.

இதற்குத்தான் போல்ட்டை இறுக்கி 48 மணி நேரம் வைத்துப் பார்க்கும் சோதனை இருக்கிறது. என்னைக் கேட்டால் அதைவிட அடுப்பின் வெப்பப் பதிவைக் கேட்டு வாங்கி, நேரத்தை லாட் நம்பரோடு ஒப்பிடுவது மேல். வெல்டிங், வெப்பப் பதனிடல், பூச்சு, ஒட்டும் பசை, நான்கும் இதே ஜாதி. முடிந்த பாகத்தை உடைக்காமல் முழுசாக நிரூபிக்க முடியாது.

சப்ளையருக்கும் சப்ளையர் இருப்பாரே?

அவருக்கும் ஒருவர் இருப்பார். தொழிலில் டயர் ஒன், டயர் டூ என்பார்கள் (சக்கர டயரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது அடுக்கு). போல்ட் செய்பவர் பூச்சுக்கு வெளியே அனுப்புவார், பூச்சுக்காரர் ரசாயனத்தை இன்னொருவரிடம் வாங்குவார். வண்டி கம்பெனி பெரும்பாலும் முதல் அடுக்கை மட்டுமே நேரில் பார்க்கிறது.

2014 பிப்ரவரியில் ஆஸ்டன் மார்ட்டின் 17,590 கார்களைத் திரும்ப அழைத்தது. ஆக்ஸிலரேட்டர் பெடலின் கை உடையக்கூடும் என்பது பிரச்சினை. விசாரித்தால், மூன்றாம் அடுக்கிலிருந்த ஒரு சீன மோல்டிங் நிறுவனம் டூபாண்ட் என்ற பெரிய ரசாயன நிறுவனத்தின் பெயரில் வந்த போலி பிளாஸ்டிக்கைப் பயன்படுத்தியிருந்தது. கையால் செய்கிற விலை உயர்ந்த கார் என்று பெயர். பெடல் கையின் பிளாஸ்டிக் குருணையை யார் மூட்டையிலிருந்து கொட்டினார்கள் என்பது அந்தக் கம்பெனியிலிருந்து மூன்று வீடு தள்ளி நடந்த விஷயம்.

பாகத்தில் மாற்றம் செய்தால் பார்ட் நம்பரை மாற்றியே ஆக வேண்டுமா? வீண் வேலையாகத் தெரிகிறதே.

ஜெனரல் மோட்டார்ஸின் இக்னிஷன் சுவிட்ச் கதையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். டெல்பி என்ற சப்ளையர் செய்துகொடுத்த சுவிட்ச் அது. சாவியைத் திருப்ப எவ்வளவு திருப்புவிசை வேண்டும் என்று கம்பெனி எழுதியிருந்ததோ, அதைவிடக் குறைவாகவே போதுமானதாக இருந்தது. தெரிந்தே ஒப்புதல் கொடுத்தார்கள். விளைவு, முழங்கால் பட்டாலோ சாவிக்கொத்து கனமாக இருந்து வண்டி குலுங்கினாலோ சாவி 'ரன்' நிலையிலிருந்து நழுவிவிடும். ஓடும்போதே இன்ஜின் அணையும், பவர் ஸ்டியரிங் போகும், மோதினால் ஏர்பேக்கும் விரியாது.

2006-இல் சுவிட்சுக்குள் இருந்த சிறு ஊன்றுமுனையையும் ஸ்பிரிங்கையும் நீளமாக்கிச் சரிசெய்தார்கள். ஆனால் பார்ட் நம்பரை மாற்றவில்லை. அதனால் பிறகு விபத்துகளை ஆராய்ந்தவர்களுக்குப் பழைய வண்டிகளில் ஏன் நடக்கிறது, புதியதில் ஏன் நடக்கவில்லை என்றே புரியவில்லை. காகிதத்தில் இரண்டும் ஒரே சுவிட்ச். வருடங்கள் கழித்து, ஒரு வழக்கில் பாதிக்கப்பட்டவர் தரப்பு அமர்த்திய நிபுணர் இரண்டையும் பிரித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் வித்தியாசம் வெளியே வந்தது. 2014-இல் சுமார் 26 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. இழப்பீட்டு நிதி 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது.

சுவிட்சைத் திருத்தியது நல்ல காரியம். அதைச் சொல்லாமல் செய்ததுதான் வினை. இந்த ஒரு கதைக்காகவே பார்ட் நம்பர் விஷயத்தில் நான் யாரோடும் சமரசம் பேசுவதில்லை.

பாகம் கெட்டால் தவறு எப்போதும் சப்ளையருடையதுதானா?

டெபிட் நோட் (சப்ளையருக்குத் தர வேண்டிய பணத்தில் பிடித்தம் போடும் சீட்டு) அப்படித்தான் சொல்லும். உண்மை வேறு. 2010 ஜனவரியில் டொயோட்டா அமெரிக்காவில் சுமார் 23 லட்சம் வண்டிகளை, ஆக்ஸிலரேட்டர் பெடல் ஒட்டிக்கொள்கிறது என்று திரும்ப அழைத்தது. பெடலைச் செய்த சிடிஎஸ் நிறுவனம், டொயோட்டா கொடுத்த வரையறைப்படியே செய்ததாகச் சொன்னது. பெடலுக்குள் உராய்வு தரும் பகுதி தேய்ந்து, ஈரமும் சேர்ந்தால் ஒட்டிக்கொள்ளும். ஒரு சின்ன எஃகுத் துண்டைச் செருகிச் சரிசெய்தார்கள்.

வாங்குபவர் பக்கத் தவறுகளை வரிசையாக எழுதினால் இந்தப் பக்கம் போதாது. பொருந்தவே முடியாத டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கும் ஏற்ற இறக்கம்). கடைசி வாரத்தில் டிராயிங் மாற்றம். வருடாவருடம் விலையில் சில சதவீதம் குறை என்ற உத்தரவு, ஆனால் எங்கே குறைப்பது என்பதைப் பற்றிப் பேச்சே கிடையாது. சப்ளையர் எங்கே குறைப்பார்? மூலப்பொருளில், ஆளில், அடுப்பில் வைக்கும் நேரத்தில். பர்ச்சேஸ் பிரிவு சேமித்த பணத்தைத் தரப் பிரிவு பிறகு செலவழிக்கிறது. இரண்டும் ஒரே அறிக்கையில் வருவதில்லை.

ஒரே சப்ளையர் பல கம்பெனிகளுக்குக் கொடுத்தால்?

விலை குறையும், அனுபவம் கூடும். கெட்டால் எல்லோருக்கும் கெடும். டகாடா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் ஏர்பேக் இன்ஃப்ளேட்டரில் (பையை ஊதவைக்கும் கருவி) அம்மோனியம் நைட்ரேட்டை ஈரம் உறிஞ்சும் பொருள் சேர்க்காமல் பயன்படுத்தினார்கள். வெப்பமும் ஈரப்பதமும் வருடக்கணக்கில் தாக்கியதில் அந்தக் குளிகை சிதைந்து, மோதலின்போது அளவுக்கு மீறி வேகமாக எரிந்து, உலோக உறையை உடைத்துச் சில்லுகளாக வீசியது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி இன்ஃப்ளேட்டர்கள், 19 வண்டி கம்பெனிகள். சோதனை விவரங்களைத் திரித்துக் கொடுத்ததற்காக நிறுவனம் 2017-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதே வருடம் ஜூனில் திவாலானது.

கெட்ட லாட் வந்துவிட்டது என்று தெரிந்ததும் முதலில் என்ன செய்வது?

காரணம் தேடி உட்காராதீர்கள். முதலில் எங்கெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள்: லைனில், ஸ்டோரில், லாரியில், சப்ளையரின் கிடங்கில், ஏற்கெனவே மாட்டிய வண்டிகளில். கெட்ட பாகம் போடும் சிவப்புப் பெட்டிக்குப் பூட்டுப் போடுங்கள். பூட்டாத சிவப்புப் பெட்டி, பாகத்துக்குத் தட்டுப்பாடு வரும் ராத்திரி ஷிப்டில் நல்ல பாகத்தின் பச்சைப் பெட்டி ஆகிவிடும். லாட் நம்பர் ஒழுங்காக இருந்தால் சந்தேகத்தை 400 வண்டிக்குள் அடக்கலாம். இல்லையென்றால் 40,000.

அப்புறம் காரணம். ஃபோர்டு 1987-இல் கொண்டுவந்த எட்டுப் படி முறையைத்தான் இன்றும் பெரும்பாலானோர் நிரப்புகிறார்கள். 'காரணம்: ஆபரேட்டர் கவனக்குறைவு. நடவடிக்கை: ஆபரேட்டருக்கு அறிவுரை வழங்கப்பட்டது' என்று வரும் தாளைத் திருப்பி அனுப்பிவிடுவேன். கவனம் குறைந்தால் குறை உண்டாகும்படி ஏன் ஃபிக்சர் இருந்தது, உண்டான குறை ஏன் வெளியே போயிற்று என்ற இரண்டுக்கும் தனித்தனி பதில் வேண்டும்.

ரீகால் செலவை யார் ஏற்பார்கள்?

ஒப்பந்தத்தையும், குறை எங்கே பிறந்தது என்பதையும் பொறுத்தது. செவர்லே போல்ட் மின்சாரக் கார்களின் பேட்டரி செல்களில், கிழிந்த ஆனோடு முனையும் மடிந்த பிரிப்பானும் ஒரே செல்லில் சேர்ந்தால் தீப்பிடிக்கும் என்று 2021-இல் தெரிந்தது. ரீகாலின் சுமார் 200 கோடி டாலர் செலவில் 190 கோடியை, பேட்டரி செய்த எல்ஜி ஏற்பதாக உடன்பாடு. சிறு சப்ளையர் இப்படித் தாங்க முடியாது. கடை மூடிவிடும். மீதியை வண்டி கம்பெனிதான் சுமக்கும்.

என் வண்டியில் அப்படிப்பட்ட பாகம் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

சேசிஸ் நம்பரை வைத்துக் கம்பெனி தளத்திலோ சர்வீஸ் சென்டரிலோ பார்க்கலாம். ரீகாலில் மாற்றித் தருவதற்குப் பணம் கேட்க மாட்டார்கள். பழைய வண்டி வாங்கியவர்களுக்குக் கடிதம் முதல் உரிமையாளர் முகவரிக்கே போயிருக்கும், ஆகவே நீங்களேதான் பார்க்க வேண்டும்.

நான் பத்துப் பேர் வைத்துப் பட்டறை நடத்துகிறேன். இவ்வளவும் எனக்குச் சாத்தியமா?

எல்லாம் வேண்டாம். ஒரு பெரிய நோட்டு வாங்கி மெஷின் பக்கத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். ஆள் மாறினால், டூல் மாறினால், எண்ணெய் பிராண்ட் மாறினால், கம்பி வேறு வியாபாரியிடம் வாங்கினால் தேதியும் நேரமும் போட்டு ஒரு வரி. ஷிப்டின் முதல் பாகத்தையும் கடைசிப் பாகத்தையும் அளந்து, லாட் சீட்டு கட்டி ஒரு வாரம் எடுத்துவையுங்கள். முக்கியமான மாற்றம் என்றால் செய்வதற்கு முன்பே வாடிக்கையாளருக்கு ஒரு மெயில். அவர் சரி என்றதும், மாற்றத்துக்குப் பின் போகும் முதல் பெட்டியில் மட்டும் வேறு நிறத்தில் ஒரு லேபிள் ஒட்டுங்கள். திட்டுவார்கள் என்று பயப்பட வேண்டாம். நைலான் கிளிப் விஷயத்தில் அப்படி ஒரு மஞ்சள் லேபிள் இருந்திருந்தால் முதல் மணி நேரத்திலேயே அந்தச் சப்ளையருக்குப் போன் போட்டிருப்பேன்.